நூறு மதிப்பெண் உருவாகும் விதம்: மேல்நிலை வகுப்புப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்



தமிழ்நாட்டில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் என்ற மேல்நிலைக் கல்வியின் இரண்டு ஆண்டுகளும் குடும்பங்களின் பேச்சில் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகின்றன. அறுநூற்றுக்கு எத்தனை என்ற கேள்வி உறவினர் வீட்டுத் திருமணத்திலும் பேருந்துப் பயணத்திலும் கேட்கப்படுகிறது. ஆனால் அந்த எண் எந்தெந்தப் பகுதிகளால் ஆனது, ஒவ்வொரு பகுதியையும் யார் அளக்கிறார்கள், எந்தப் பகுதியில் நேர்ந்த குறையை எந்த நாளுக்குள் சரிசெய்ய முடியும் என்பவை பெற்றோருக்கு முறையாக எடுத்துச் சொல்லப்படுவது அரிது. இவற்றுக்கான விதிகளில் மறைவானது ஒன்றுமில்லை. அரசாணைகளாகவும், அரசுத் தேர்வுகள் இயக்ககம் பள்ளிகளுக்கு அனுப்பும் அறிவுரைகளாகவும் அவை ஆண்டுதோறும் வெளியாகின்றன. இருப்பினும் அவை பள்ளி அலுவலகத்தின் கோப்பிலேயே தங்கிவிடுவதால், முதல் தலைமுறையாக மேல்நிலைப் படிப்பைக் காணும் வீடுகளுக்கு அவை செவிவழிச் செய்தியாகவே எட்டுகின்றன. சில வேளைகளில் இழப்பு நேர்ந்த பின்னரே எட்டுகின்றன. அந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்கில் இம்மடல் எழுதப்படுகிறது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிவது நலம். தேர்வு என்பது குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்திற்குள் மாணவர் எழுதியோ செய்தோ காட்டுவதை அளக்கும் நிகழ்வு. மதிப்பீடு என்பது அதைவிட அகன்றது. தேர்வையும் உள்ளடக்கி, ஆண்டு முழுவதும் மாணவர் வகுப்புக்கு வந்தது, ஒப்படைவுகளை முடித்தது, பள்ளித் தேர்வுகளில் எழுதியது, ஆய்வகத்தில் கைப்படச் செய்தது ஆகிய அனைத்தையும் கணக்கில் கொள்ளும் செயல்முறை. பெற்றோர் பலரும் தாம் படித்த காலத்து நினைவைக் கொண்டு, மார்ச் மாதத் தேர்வே முழுக் கணக்கு என்று இன்றும் கருதுகின்றனர். அக்காலத்தில் பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்தது என்பதால் அவர்களைக் குறை சொல்ல இயலாது.

கல்லூரிகளில் நடந்துவந்த புகுமுக வகுப்பு 1978-ஆம் ஆண்டில் பள்ளிகளுக்கு மாற்றப்பட்டு மேல்நிலைக் கல்வி பிறந்தபோது, இரண்டு ஆண்டுப் படிப்பின் முடிவில் ஒரே பொதுத்தேர்வு என்பதே அமைப்பாக இருந்தது. பாடத்திற்கு 200 வீதம் ஆறு பாடங்களுக்கு 1200 மதிப்பெண் என்ற அந்தக் கணக்கு ஏறத்தாழ நான்கு பத்தாண்டுகள் நீடித்தது. 2017-ஆம் ஆண்டில் அது மாறியது. பாடத்திற்கு 100, மொத்தம் 600 என்று மதிப்பெண் குறைக்கப்பட்டது. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்களை வெளியிடும் வழக்கம் நிறுத்தப்பட்டது. எல்லாப் பாடங்களுக்கும் 10 மதிப்பெண் அகமதிப்பீடு சேர்க்கப்பட்டது. தரவரிசைப் பட்டியல் நின்றதை அன்று நாளிதழ்கள் பெரிதாக எழுதின. மாணவரின் அன்றாடப் பள்ளி வாழ்வைத் தொடும் மாற்றம் கடைசியில் சொல்லப்பட்ட அகமதிப்பீடே என்றாலும், அதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

இப்போது நூறு என்பதைப் பிரித்துப் பார்க்கலாம். செய்முறை உள்ள பாடங்களில், அதாவது இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல் போன்றவற்றில், எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைத் தேர்வுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண் பகுக்கப்பட்டுள்ளது. தமிழ், ஆங்கிலம், கணிதம், வணிகவியல், பொருளியல், வரலாறு போன்ற செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சிக்கு வேண்டியது 35 என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 35-க்குள் இன்னொரு நிபந்தனை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை: செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வில் மட்டும் 70-க்குக் குறைந்தது 15 பெற்றிருக்க வேண்டும், செய்முறை இல்லாத பாடத்தில் 90-க்குக் குறைந்தது 25 பெற்றிருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையின் கனத்தை ஒரு கணக்கைக் கொண்டு காட்டலாம். ஒரு மாணவி இயற்பியல் செய்முறைத் தேர்வில் 20-க்கு 20 பெறுகிறாள். அகமதிப்பீட்டில் 10-க்கு 10 பெறுகிறாள். எழுத்துத் தேர்வில் 13 பெறுகிறாள். மொத்தம் 43. முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள் என்று வீட்டில் நிம்மதி கொள்வார்கள். ஆனால் மதிப்பெண் பட்டியலில் அவள் தேர்ச்சி பெறாதவள். அதே வகுப்பில் எழுத்துத் தேர்வில் 15, செய்முறையில் 13, அகமதிப்பீட்டில் 7 என்று சரியாக 35 பெற்ற மாணவன் தேர்ச்சி பெறுகிறான். எட்டு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றவள் தோற்று, குறைவாகப் பெற்றவன் வெல்வது அநீதிபோலத் தோன்றலாம். எனினும் பள்ளிக்குள்ளேயே வழங்கப்படும் மதிப்பெண்ணைக் கொண்டு மட்டும் ஒருவர் தேறிவிடக் கூடாது, வெளியாசிரியர் திருத்தும் விடைத்தாளிலும் அடிப்படை அறிவு தெரிய வேண்டும் என்பதே விதியின் கருத்து, அக்கருத்து ஏற்கத்தக்கதே. செய்முறை இல்லாத பாடத்தில் இவ்வகைக் குழப்பம் எழாது. முழு அகமதிப்பீட்டையும் 35-இலிருந்து கழித்தால் எஞ்சுவதே அந்த 25 என்பதால், அங்கு கணக்கும் விதியும் ஒன்றாகவே பொருந்திவிடுகின்றன. ஆகவே அறிவியல் பிரிவில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு முடிவுகளில் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், எழுபதுக்கு எத்தனை என்ற தனி எண்ணையும் கேட்டறிவது அவசியம்.

அகமதிப்பீடு குறித்து இம்மடல் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அகமதிப்பீடு என்றால் மாணவரை நாள்தோறும் காணும் அவருடைய ஆசிரியரே ஆண்டு முழுவதும் கவனித்து வழங்கும் மதிப்பெண். மாணவர் வழக்கில் இன்டர்னல் மார்க். அதன் பத்து மதிப்பெண்ணும் நான்கு கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. வருகைப் பதிவுக்கு 2. பள்ளி நடத்தும் உள்தேர்வுகளுக்கு 4. ஒப்படைவு, செயல்திட்டம், களப்பயணம் ஆகியவற்றுக்கு 2. கலை, இலக்கியம், நாட்டு நலப்பணித் திட்டம், மன்றச் செயல்பாடு முதலிய கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. வருகையில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இரண்டும், 75-க்கு மேல் 80 வரை இருந்தால் ஒன்றும் கிடைக்கும். ஒப்படைவு என்பது மாணவர் பாடப்பொருளைத் தாமே தேடித் தொகுத்து எழுதிக் குறித்த நாளில் ஆசிரியரிடம் அளிக்கும் கட்டுரை அல்லது பயிற்சித் தொகுப்பு. செயல்திட்டம் என்பது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு தரவு திரட்டியோ பொருள் ஒன்றைச் செய்தோ விடை காணும் சிறு முயற்சி.

நடைமுறையில் பல பள்ளிகளில் இந்தப் பத்து மதிப்பெண்ணும் ஏறத்தாழ எல்லா மாணவருக்கும் முழுமையாக வழங்கப்பட்டுவிடுகிறது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் அறிவர். பிள்ளைகளின் எதிர்காலத்தில் கை வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த நல்லெண்ணத்தால் மாணவர் இழப்பது ஒன்று உண்டு. எப்படியும் கிடைத்துவிடும் என்று தெரிந்த மதிப்பெண்ணுக்காக எந்த மாணவரும் களப்பயணக் குறிப்பை உண்மையாக எழுத மாட்டார்; எழுதியதைத் திருத்தி, இந்த இடத்தில் சான்று போதவில்லை, இந்த முடிவு தரவிலிருந்து வரவில்லை என்று ஆசிரியர் சொல்லும் வாய்ப்பும் அதனால் இல்லாமற்போகும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் முதல் பருவத்திலேயே கருத்தரங்கக் கட்டுரையும் ஆய்வக அறிக்கையும் எழுதத் திணறுவதற்கு மொழியை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. அத்தகைய எழுத்தைப் பழகவென்று பள்ளி ஒதுக்கிய இரண்டு மதிப்பெண் வெறும் கட்டத்தை நிரப்புவதாக முடிந்துவிட்டதும் ஒரு காரணமே. இதற்கு நேர்மாறான குறையும் சில இடங்களில் காணப்படுகிறது. கட்டணம் செலுத்தத் தாமதித்தவர், எதிர்த்துப் பேசியவர், தலைமுடி வெட்டாதவர் என்ற காரணங்களுக்காக அகமதிப்பீட்டில் கை வைத்துவிடுவதாக மாணவரை மிரட்டும் வழக்கம் அது. நான்கு கூறுகளுள் எதிலும் நடத்தைக்கென்று தனி மதிப்பெண் இல்லை. ஒழுங்குக் குறைவுக்குப் பள்ளியில் வேறு வழிமுறைகள் உள்ளன. மதிப்பெண்ணை அதற்குக் கருவியாக்குவது விதிக்கு உட்பட்டதன்று.

பத்து மதிப்பெண் சிறியது என்று எண்ணுவோர் பொறியியல் சேர்க்கைக் கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும். நுழைவுத்தேர்வு கைவிடப்பட்ட பிறகு அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகளுக்கும் பிற பொறியியல் கல்லூரிகளுக்குமான கலந்தாய்வு, கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது. கணித அகமதிப்பீட்டில் இழக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் இங்கு முழுதாகக் குறையும். இயற்பியல், வேதியியலில் இழப்பது பாதியாகக் குறையும். அரை மதிப்பெண் வேறுபாட்டில் மாணவர் பலர் நெருங்கி நிற்கும் வரிசையில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிப் பதிவேடுகளுக்கு இருக்கும் மதிப்பை 2021-ஆம் ஆண்டு நாடறியக் காட்டியது. பெருந்தொற்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடத்தப்படாத அந்த ஆண்டில், பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டு மதிப்பெண்களிலிருந்து 30 விழுக்காடு என்று கணக்கிட்டே சான்றிதழ் வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய தேர்வும், பள்ளியின் ஆய்வகத்தில் செய்த சோதனையும், வகுப்பாசிரியர் எழுதிவைத்த பத்தும் சேர்ந்து ஒரு தலைமுறையின் உயர்கல்வியைத் தீர்மானித்தன. பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணை யாரும் கேட்கப்போவதில்லை என்று மெத்தனமாக இருந்த மாணவர் சிலருக்கு அது மிகக் கசப்பான ஆண்டாக அமைந்தது.

அடுத்து வினாத்தாளைக் கவனிக்கலாம். இதைப் பிள்ளையோடு அமர்ந்து ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்கும்படி பெற்றோரை இம்மடல் வேண்டுகிறது. பாடம் புரியாவிட்டாலும் வினாத்தாளின் அமைப்பு எவருக்கும் புரியும். இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களின் எழுபது மதிப்பெண் வினாத்தாளில் முதற்பகுதியில் ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினைந்து. அனைத்துக்கும் விடையளிக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஒன்பது கொடுக்கப்பட்டு ஆறுக்கு விடை கேட்கப்படும். மூன்றாம் பகுதியில் மூன்று மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஆறு. நான்காம் பகுதியில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் இது அல்லது அது என்ற தெரிவு உண்டு. தொண்ணூறு மதிப்பெண் கணித வினாத்தாளில் இதே அமைப்பு இருபது, பத்தில் ஏழு, பத்தில் ஏழு, ஏழு என்று விரிகிறது. எழுபதில் எழுத்துத் தேர்வுக்கு வேண்டிய குறைந்த அளவு 15 என்பதும், ஒரு மதிப்பெண் வினாக்களின் எண்ணிக்கை 15 என்பதும் ஒத்திருப்பதைக் கண்டால், பாடநூலின் ஒவ்வொரு அலகின் இறுதியிலும் உள்ள கொள்குறி வினாக்களை மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் ஏன் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பது விளங்கும்.

இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் ஒரு வினா கட்டாயமானது. எழுபது மதிப்பெண் தாளில் 24-ஆவது வினாவும் 33-ஆவது வினாவும் அவ்வாறு குறிக்கப்பட்டிருக்கும். ஆறு வினாக்களுக்கு விடையளிக்கலாம், ஆனால் அவற்றுள் 24-ஆவது இருந்தே ஆக வேண்டும் என்பது இதன் பொருள். அதை விட்டுவிட்டு எளிதான வேறு ஆறு வினாக்களுக்கு விடை எழுதினாலும் ஐந்துக்கே மதிப்பெண் சேரும். ஆறாவதை எழுதிய நேரம் வீண். இயற்பியலில் இந்தக் கட்டாய வினா பெரும்பாலும் கணக்காகவோ பயன்பாட்டு வினாவாகவோ அமைவதால், கணக்கே வேண்டாம் என்று ஒதுக்கிப் படிக்கும் மாணவர் இரண்டு பகுதிகளிலும் சேர்த்து ஐந்து மதிப்பெண்ணைத் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

கொள்குறி வினாக்களிலும் ஒரு நுட்பம் உண்டு. சரியான விடையைத் தேர்ந்து, அதன் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளே சொல்கிறது. குறியீடு அ என்றும் விடை இ-க்கு உரியது என்றும் முரண்பட்டால் மதிப்பெண் இல்லை. அவசரத்தில் அ, ஆ, இ, ஈ என்று குறியீட்டை மட்டும் வரிசையாக எழுதித் தள்ளும் பழக்கம் பள்ளித் தேர்வுகளில் கண்டும் காணாமல் விடப்படுவதால், பிழை பொதுத்தேர்வு வரை தொடர்கிறது. இனி ஐந்து மதிப்பெண் வினாவுக்கான விடைக்குறிப்பைப் பார்த்தால், அது ஒரே வீச்சில் ஐந்தை வழங்குவதில்லை. விடைக்குறிப்பு என்பது திருத்தும் ஆசிரியர் அனைவரும் ஒரே அளவுகோலைப் பின்பற்றும் பொருட்டு வகுக்கப்படும் மாதிரி விடை. அதில் படத்திற்கு இவ்வளவு, சூத்திரத்திற்கு இவ்வளவு, எண்களைப் பிரதியிடுவதற்கு இவ்வளவு, அலகோடு கூடிய இறுதி விடைக்கு இவ்வளவு என்று மதிப்பெண் படிப்படியாகப் பகுக்கப்பட்டிருக்கும். இறுதி விடை தவறினாலும் சூத்திரம் எழுதியவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்பதையும், முழுக் கணக்கையும் சரியாகச் செய்து அலகை எழுத மறந்தவர் முழு மதிப்பெண் பெறுவதில்லை என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். தெரியாத வினாவின் இடத்தை வெற்றாக விட்டுச் செல்லும் மாணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த தேர்வில் அந்த இடத்தில் ஒரு சூத்திரமாவது இருக்கும்.

காலை பத்து மணிக்கு வினாத்தாள் கையில் கிடைத்தவுடன் முதல் பத்து நிமிடம் அதைப் படிப்பதற்கும், அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்புச் சீட்டில் அச்சிடப்பட்டுள்ள பெயர், பதிவெண், பாடம் ஆகியவற்றைச் சரிபார்ப்பதற்கும் ஒதுக்கப்பட்டுள்ளன, 10.15 முதல் 1.15 வரை எழுதும் நேரம். அந்தப் பத்து நிமிடத்தைப் பல மாணவர் படபடப்பிலேயே கழித்துவிடுகின்றனர். எந்த ஆறு, எந்த ஐந்து என்ற தெரிவைச் செய்வதற்காகவே அது தரப்பட்டிருக்கிறது என்பதைப் பள்ளி மாதிரித் தேர்விலேயே பழக்கிவிட்டால் நல்லது. முன்னர் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா என்ற பட்டியல், ப்ளூ பிரிண்ட் என்ற பெயரில், மாணவர் கையில் இருந்தது. அதைக் கொண்டு சில பாடங்களைத் தொடாமலே சாய்ஸில் விடும் உத்தியும் வளர்ந்தது. புதிய பாடநூல்களோடு அப்பட்டியல் விடைபெற்றுவிட்டது. ஆயினும் அண்ணன், அக்காள் காலத்து அறிவுரையாக அந்த உத்தி மட்டும் வீடுகளில் இன்னும் உயிரோடிருக்கிறது.

செய்முறைத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெக்கார்டு நோட்டு என்று வழங்கும் செய்முறைப் பதிவேட்டை ஒவ்வொரு சோதனை முடிந்த வாரத்திலும் எழுதி ஆசிரியரின் கையொப்பம் பெற்றுவிட வேண்டும். ஜனவரியில் இரவு பகலாக விழித்து ஒருவர் பதிவேட்டைப் பார்த்து இன்னொருவர் எழுதுவதில் சோதனையும் நினைவில் நிற்காது, அரையாண்டுத் தேர்வுக்குப் பிந்திய திருப்புதல் நேரமும் போய்விடும். படம் வரையத் தெரிந்த தங்கையை அமர்த்திப் பதிவேட்டில் வரையச் சொல்லும் பெற்றோர் அதை உதவியாகக் கருதக் கூடாது.

தேர்வறை விதிகளுள் துண்டுச்சீட்டு, கைப்பேசி ஆகியவை குற்றம் என்பதை எல்லோரும் அறிவர். அவ்வளவாக அறியப்படாத ஒன்றை மட்டும் இங்குக் குறிப்பிடலாம். தேர்வு சரியாக எழுதவில்லை என்ற மனச்சோர்வில், தாம் எழுதிய விடைகள் அனைத்தையும் தாமே கோடிட்டு அடித்துவிட்டு வரும் மாணவர் உண்டு. தம் விடையைத் தாம் அடிப்பதில் யாருக்கு என்ன தீங்கு என்று தோன்றலாம். விதி அதை ஒழுங்கீனச் செயலாகவே கருதுகிறது. தவறாக எழுதிய ஒரு விடையை அடித்துவிட்டு வேறு விடை எழுதுவதற்கு இது பொருந்தாது. முதல் தேர்வு சரியில்லை என்று முகம் வாடி வரும் பிள்ளையிடம் அன்றிரவு பெற்றோர் பேச வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

தேர்வு முடிவுக்குப் பின்னும் மாணவருக்கு உரிமைகள் உண்டு. எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் குறைந்திருந்தால் விடைத்தாளின் நகலைக் கேட்டுப் பெறலாம். மறுகூட்டல் என்பது திருத்தப்பட்ட விடைகளுக்கு வழங்கப்பட்ட மதிப்பெண்கள் விடுபடாமல் சரியாகக் கூட்டப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது. மறுமதிப்பீடு என்பது விடைத்தாளை மீண்டும் திருத்துவது. இரண்டும் வேறு வேறு என்பதை அறியாமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றுக்குப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, விடைக்குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்ட பின்னரே எதற்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுப்பது நல்லது. ஏனெனில் மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடவும் இடமுண்டு, குறையவும் இடமுண்டு. விண்ணப்பிப்பதற்குத் தரப்படும் நாட்கள் மிகச் சில. முடிவு வெளியான மகிழ்ச்சியிலோ துயரத்திலோ அந்த நாட்கள் நழுவிவிடுகின்றன. தேர்ச்சி பெறாதவருக்கு அதே கோடையில் துணைத்தேர்வு நடத்தப்படுகிறது. அதில் தேறுபவர் அவ்வாண்டே கல்லூரியில் சேர வழியுண்டு. ஓராண்டு போயிற்று என்று வீடே இருண்டு கிடப்பதற்கு இன்று எந்தத் தேவையும் இல்லை என்பதை, மே மாதத்தில் அந்தத் துயரத்துக்குள் விழக்கூடிய ஒவ்வொரு குடும்பமும் அதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பது இம்மடலின் ஆழ்ந்த விருப்பம்.

மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்கும், கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கும் தேர்வில் சலுகைகள் உள்ளன: சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு முதலியன அவற்றுள் சில. சலுகை என்ற சொல் கருணையை நினைவூட்டுகிறது. உண்மையில் இது அளவுகோலைச் சரியாக்கும் ஏற்பாடு. எழுதும் வேகத்தை அளப்பது வரலாற்றுத் தேர்வின் நோக்கம் அன்று என்பதால், கை நடுங்கும் மாணவருக்குக் கூடுதல் நேரம் தருவதால்தான் அவரது வரலாற்று அறிவு அளக்கப்படுகிறது. இதற்கு மருத்துவச் சான்று வேண்டும். பள்ளியின் வழியே தேர்வுக்கு வெகுநாள் முன்பே விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். பெயர் வந்துவிடும், ஊர் பேசும் என்று அஞ்சிப் பிள்ளையின் எழுத்துக் குறைபாட்டை மறைக்கும் பெற்றோர், அந்தப் பிள்ளைக்கு உரிய ஒரு மணி நேரத்தை மறைக்கின்றனர்.

பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகள் பயிலும் பெற்றோருக்குத் தனியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதும் சுமை பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு மிகுதி என்ற கருத்து வலுவானது. இம்முடிவை வரவேற்றோர் பலர். ஆனால் 2017-இல் அந்தத் தேர்வு ஏன் கொண்டுவரப்பட்டது என்பதையும் மறந்துவிடலாகாது. பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைப் பெயருக்கு நடத்திவிட்டு, அல்லது நடத்தாமலே விட்டுவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் அன்று பரவியிருந்தது. வகையீடும் திசையனும் பதினொன்றாம் வகுப்பிலேயே அறிமுகமாகின்றன. அவற்றை விட்டவருக்குக் கல்லூரியில் முதலாண்டுக் கணிதம் இருட்டறையாகிவிடும். நீட், ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகளிலும் இரண்டு ஆண்டுப் பாடங்களும் கேட்கப்படுகின்றன. பொதுத்தேர்வு இல்லாத நிலையில் பதினொன்றாம் வகுப்பை மதிப்பிடும் முழுப் பொறுப்பும் இப்போது பள்ளியிடமே இருக்கிறது. பிள்ளையின் பள்ளியில் ஜூலையிலோ ஆகஸ்டிலோ எந்த வகுப்பின் பாடநூல் விரிந்து கிடக்கிறது என்பதை அறிய, இரவில் அந்தப் பையைத் திறந்து பார்த்தாலே போதும்.

இவ்வளவையும் அறிந்த பின் பெற்றோர் பள்ளியிடம் எதைக் கேட்கலாம் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதிக மதிப்பெண் போடச் சொல்லிக் கேட்பதால் ஆசிரியரின் நேர்மையும் பிள்ளையின் முயற்சியும் சேர்ந்தே குறையும். கேட்கத் தகுந்தது வேறு. ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், நூறு எவ்வாறு பகுக்கப்படுகிறது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தரும்படி கேட்கலாம். ஒப்படைவுகளை எந்தெந்த மாதத்தில் அளிக்க வேண்டும், உடல்நலக் குறைவால் உள்தேர்வு எழுத முடியாதவருக்கு என்ன மாற்று ஏற்பாடு, மருத்துவச் சான்றை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பவற்றை அந்தப் பக்கத்திலேயே எழுதித் தரும்படி கேட்கலாம். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை இணையத்தில் பதிவேற்றுவதற்கு முன், வருகை, உள்தேர்வு, ஒப்படைவு, இணைச் செயல்பாடு என்ற நான்கு எண்களையும் ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தனியே காட்டி, பார்த்ததற்கு அடையாளமாக அவரது கையொப்பத்தைப் பெறும்படி கேட்கலாம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதற்கு ஒரு பாடவேளைக்கு மேல் ஆகாது. தவறு இருந்தால் அன்றே பேனாவால் திருத்திவிடலாம். சான்றிதழ் அச்சான பிறகு அதே திருத்தத்துக்காக மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வாசலில் நிற்க நேரும்.